தேனிக்காரர்கள் பெருகிய கல்யாணம்: அமிகா 1200-க்கு ஒரு 68030 அட்டையும் மியூஃபோர்ஸும்

அமிகா என்ற பழைய வீட்டுக் கணினியில், நிரல்கள் நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் பிடித்துக் கொடுக்கும் மியூஃபோர்ஸ் என்ற இலவச மென்பொருளையும், அதை ஓட்டுவதற்காகவே நான் வாங்கிய 68030 என்ற பழைய செயலி அட்டையையும் மதிப்பிடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மொய் நோட்டில் தொடங்காமல் இதைச் சொல்ல எனக்கு வராது.

தொண்ணூறுகளில் மதுரை மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கல்யாண வீடியோ கடையில் எழுத்துப் போடும் வேலை எனக்கு. 'மணமகன் இல்லம்', 'நல்வரவு', 'அன்பளிப்பு இவர்கள்' என்று படத்தின் மேல் எழுத்து ஏற்றுவது. முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது ஒரு அமிகா 500 கொண்டுவந்திருந்தார். கூடவே ஜென்லாக் என்ற சின்னப் பெட்டியும் வந்தது. கேமராவின் படத்தோடு கணினியின் படத்தைத் தாளம் பிசகாமல் சேர்த்துக் கொடுக்கும் பெட்டி அது. நம் தொலைக்காட்சியும் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை, அந்த அமிகாவும் அதே முறை. தனியாக எழுத்து இயந்திரம் வாங்க வேண்டிய பணத்தை முதலாளி அப்படி மிச்சம் பிடித்தார்.

தமிழ் எழுத்துரு எங்கே கிடைக்கும்? டீலக்ஸ் பெயிண்ட் என்ற ஓவிய நிரலில் புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். 'சி' ஒரு பைட், 'லூ' ஒரு பைட், புள்ளி வைத்த மெய் ஒவ்வொன்றும் ஒரு பைட். கொம்பும் காலும் தனித்தனி. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவில் சி மொழி படித்தேன். படித்தவன் சும்மா இருந்திருக்கலாம். மொய்ப் பட்டியல் திரையில் ஓடினால் எப்படி இருக்கும் என்று முதலாளியிடம் வாயைக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மொய் என்பது சும்மா அன்பளிப்பு இல்லை. திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. மேசையில் ஒருவர் பணம் எண்ணுவார், ஒருவர் நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதுவார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் கடைத் தம்பி கணினியோடு உட்கார்ந்து ஊரையும் பெயரையும் தட்டச்சு செய்வான். பந்தி நடக்கும் கூடத்தில் இருக்கும் டி.வி.யில் அவை மேல்நோக்கி ஓடும். தொகை மட்டும் திரையில் வராது. அது வந்தால் கல்யாணம் கலவரமாகிவிடும்.

1996 தை மாதம், தெப்பக்குளம் பக்கம் ஒரு மண்டபம். மதுரைக்காரர்களுக்கு ஊர் போட வேண்டாம், வெளியூர்க்காரர்களுக்குப் போட்டால் போதும் என்று பெண்ணின் தகப்பனார் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் நன்றாக ஓடியது. ஒரு தேனிக்காரர் வந்து, "எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே தம்பி" என்றார். அவன் திருத்தும் விசையை அழுத்தி 'தேனி' என்று சேர்த்தான். அடுத்த சுற்றில் பட்டியல் ஓடியபோது, ஊர் போடாத மதுரைக்காரர்கள் அத்தனை பேரும் தேனிக்காரர்களாகியிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமனே தேனி. கீழவாசலில் மூன்று தலைமுறையாக இரும்புக் கடை வைத்திருந்தவரும் தேனி.

சிரிப்பதா, ஓடுவதா என்று யோசிப்பதற்குள் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் தன் ஊரைக் கேட்டு வந்தார். தம்பி திருத்தினான். திரை ஒரு கணம் இருண்டு, கறுப்புப் பின்னணியில் சிவப்புப் பெட்டி மினுக்கியது. 'குரு மெடிடேஷன்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஏதோ எண்கள். அமிகா விழுந்தால் காட்டும் பிழைச் செய்தி அது. சாம்பார் சாதத்தில் இருந்த ஒரு பாட்டி, "எந்தக் குருவப்பா? யாராவது போய்விட்டாரா?" என்று கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. முதலாளி தம்பியின் கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்தார். விசைப்பலகையைக் கண்டபடி தட்டியதாக நானும் அவனைத் திட்டினேன். ஒரு தடவைதான் அடித்தேன் அண்ணே என்று அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன்.

அந்த 500 எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆசைக்கு ஓர் அமிகா 1200 வாங்கினேன். 1992-இல் வந்த மாதிரி. பலகையில் மின்தேக்கிகள் கசிந்திருந்தன. இந்த வயதில் எல்லா 1200-க்கும் வரும் நோய்தான். டவுன்ஹால் ரோட்டில் மாடியில் செல்பேசி பழுதுபார்க்கும் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன போன் சார்?" என்று கேட்டுவிட்டு, ஒரே மாலையில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார். சூட்டுக்காற்றுத் துப்பாக்கியை அவர் பிடிக்கும் லாகவத்துக்கே தனியாக ஒரு மதிப்பீடு எழுதலாம். எவர்சில்வர் டப்பாவில் இருந்த நெகிழ்வட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்திருந்தன. மொய் நிரலை நான் எழுதிய மூல வரிகளும் அந்த ஒரு கல்யாணத்தின் பட்டியலும் இருந்த வட்டு பிழைத்துக்கொண்டது.

ஓட்டினேன். அதே தேனி. அதே சாவு. இப்போது என்னிடம் நேரம் இருக்கிறது, திட்டுவதற்குத் தம்பி இல்லை.

அமிகாவில் நினைவகத்தின் அடிவாரம் எப்படி இருக்கிறது என்று சொன்னால்தான் மியூஃபோர்ஸின் அருமை புரியும். அமிகாவின் இயங்குதளத்தில் நிலையான முகவரி ஒன்றே ஒன்றுதான்: 4. அந்த இடத்தில் எக்ஸெக் என்னும் உட்கருவின் விலாசம் எழுதியிருக்கும். மற்ற எல்லாவற்றையும் அதைக் கேட்டுத்தான் ஒரு நிரல் கண்டுபிடிக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவன் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் விசாரிப்பதைப் போல. அமிகா 500-இன் மூளையான 68000 சில்லைப் பொறுத்தவரை 0 முதல் 1023 வரை 256 விலாசங்களின் பட்டியல். ஒவ்வொன்றும் 4 பைட். 8-இல் பஸ் பிழை (நினைவகத்தைத் தொடப் போய் முடியாமல் போவது) வந்தால் எங்கே போவது, 12-இல் முகவரிப் பிழை வந்தால் எங்கே போவது, 16-இல் புரியாத கட்டளை வந்தால் எங்கே போவது என்று இருக்கும். விபத்து நடந்தால் கூப்பிட வேண்டியவர்களின் விலாசங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை முக்கியமான இடத்துக்குக் காவல் ஏதும் கிடையாது. எந்த நிரலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நினைவகம் கேட்டுக் கிடைக்காத நிரலுக்குக் கையில் 0 என்ற விடை வரும். அதைச் சரிபார்க்காமல் அந்த 0-ஐயே இடமாக நினைத்து எழுதினால் நேராக இந்தப் பட்டியலின் மேல்தான் எழுதும். சி மொழியில் நிரல் எழுதும் சோம்பேறிகள் எல்லோரும் கடைசியில் வந்து விழும் கிணறு இது.

மற்ற வீட்டுக் கணினிகளில் இந்த அடிவாரத்துக்கு ஏதோ ஒரு வேலி இருந்தது. ஸ்பெக்ட்ரம் கணினியில் 0 முதல் 16383 வரை ராம் கிடையாது, படிக்க மட்டும் முடிகிற ரோம்தான். நிரல் தலைகீழாக நின்றாலும் அங்கே ஒரு எழுத்தும் பதியாது. அட்டாரி எஸ்.டி.யும் அமிகாவைப் போல 68000 கணினிதான். நினைவகத்துக்குப் பூட்டுப் போடும் எம்.எம்.யூ. என்ற உறுப்பு அதிலும் இல்லை. ஆனால் முதல் 2 கிலோபைட்டைச் சாதாரண நிரல் தொட்டால் வன்பொருளே பஸ் பிழை எழுப்பும். திரையில் இரண்டு குண்டுப் படங்கள் வரும். 68000 தான் மேலதிகாரி நிலையில் இருக்கிறதா, சாதாரண நிலையில் இருக்கிறதா என்பதை எப்போதும் வெளியே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கம்பிகளைக் கவனித்தால் போதும், காவல் வந்துவிடும். அமிகாவிலும் அந்தக் கம்பிகள் இருந்தன. அமிகாவை வடிவமைத்தவர்கள் படத்திலும் ஒலியிலும் கவனமாக இருந்துவிட்டார்கள். இதைச் சொன்னால் அமிகா அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். 1984-இல் நம் அரசு கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் பள்ளிகளுக்குக் கொடுத்த பி.பி.சி. மைக்ரோவில் வேலி கிடையாது, ஒழுக்கம் உண்டு. இன்ன இடத்தை நேராகத் தொடாதே, இயங்குதளத்தைக் கேள் என்று கையேடே சொல்லிக் கொடுக்கும். 0-ஆம் பக்கம் எனப்படும் முதல் 256 பைட்டில், நம் எந்திர நிரலுக்கென்று அதன் பேசிக் மொழி நமக்கு விட்டுவைத்தது 32 பைட்.

அமிகாவுக்குக் காவல் பின்னால்தான் வந்தது, அதுவும் வெளியிலிருந்து. அமிகாவைத் தயாரித்த கமடோர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மைக்கேல் சின்ஸ் எழுதிய என்ஃபோர்சர் முதலில் பெயர் வாங்கியது. பிறகு தோமஸ் ரிக்டர் எழுதிய எம்.எம்.யூ. நூலகமும், அதன் மேல் ஓடும் மியூஃபோர்ஸும் வந்தன. வேலை ஒன்றுதான். எம்.எம்.யூ. என்பது முகவரிகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பூட்டுப் போடும் உறுப்பு. அடிப்பக்கத்துக்கும், ஒன்றுமே இல்லாத வெற்று முகவரிகளுக்கும் பூட்டு. 4-ஆம் முகவரியிலிருந்து நான்கு பைட்டையும் ஒன்றாகப் படிப்பதற்கு மட்டும் அனுமதி, எழுத அதற்கும் கிடையாது. யாராவது தொட்டால் அந்த வேலையைத் தடுத்து, எந்த நிரல், எந்த இடத்திலிருந்து, எங்கே, என்ன எழுதப் பார்த்தது என்று ஒரு குற்றப் பத்திரிகை எழுதும். நிரலைக் கொல்லாது. எழுதியதை விழுங்கிவிடும், படிக்க வந்தால் 0 என்று கொடுத்து அனுப்பிவிடும்.

ஆனால் அதற்கு எம்.எம்.யூ. வேண்டும். 500-இல் இருக்கும் 68000-த்தில் அது இல்லை. 1200-இன் 68ஈசி020-இலும் இல்லை. 68030, 68040, 68060 ஆகிய சில்லுகளுக்குள் இருக்கிறது. பெயரில் 'ஈசி' என்று இரண்டு எழுத்து சேர்ந்துவிட்டால் மறுபடியும் இல்லை. இந்த இரண்டு எழுத்துக்கு நான் கொடுத்த விலை இருபத்தோராயிரம் ரூபாய்.

நடந்தது இதுதான். வெளிநாட்டில் ஒரு விற்பனையாளரிடம் 'வேலை செய்யும் 030 அட்டை' என்று பார்த்து வாங்கினேன். சில்லின் மேல் சூடு தணிக்கும் அலுமினியத் தகடு ஒட்டியிருந்தது. பொருத்தினேன், கணினி பறந்தது. என்ஃபோர்சரை ஏற்றி மொய் நிரலை ஓட்டினேன். ஒரு புகாரும் இல்லை. முப்பது ஆண்டுக்கு முன் நான் எழுதிய நிரல் இவ்வளவு சுத்தமா என்று நெஞ்சு விம்மியது. வீட்டுக்காரியிடம் கூடச் சொன்னேன். மறுநாள்தான் புத்தி வந்தது. என்ஃபோர்சரோடு லாபிரேக்கர் என்று ஒரு குட்டி நிரல் வரும். சட்டத்தை மீறுவதைத் தவிர அதற்கு வேறு தொழில் இல்லை. அதை ஓட்டினேன். அதற்கும் ஒரு புகாரும் இல்லை! காவல்காரன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. தகட்டை மெல்லப் பெயர்த்தேன், 68ஈசி030. இந்த ஈசி சில்லு எம்.எம்.யூ. கட்டளைகளை முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும், பூட்டு மட்டும் போடாது. விற்றவருக்கு எழுதினேன். 030 என்று சொன்னேன், 030 அனுப்பினேன் என்று பதில் வந்தது. வேகத்துக்காக வாங்குகிறவர்களுக்கு ஈசி ஒரு குறையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வேலைக்குத்தான் அது உதவாது.

இரண்டாவதாக வாங்கியது ஜெர்மனியின் ஃபேஸ்5 செய்த பிலிசார்ட் 1230, நான்காம் பதிப்பு. 50 மெகாஹெர்ட்ஸ், முழு 68030. இந்த முறை சில்லின் மேலிருக்கும் எழுத்து தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்பினால்தான் பணம் என்று சொல்லிவிட்டேன். அட்டை, அஞ்சல், சுங்கம் எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம் ஆயிற்று. 1200-இன் வயிற்றுக் கதவைத் திறந்து உள்ளே தள்ள வேண்டும். இடம் சரியாக உட்காரும்வரை பொறுமை வேண்டும், கட்டை விரலில் தெம்பும் வேண்டும். 72 முள் நினைவகத் துண்டு ஒன்றைச் செருகலாம். என் பழைய மேசைக் கணினியில் கிடந்த ஒரு துண்டையே போட்டேன், ஏற்றுக்கொண்டது. சித்திரை மாதத்தில் பழங்காநத்தத்து மாடி வீட்டில் எந்த 030 அட்டையானாலும் கொதிக்கத்தான் செய்யும். வயிற்றுக் கதவை மாட்டாமல், கணினியின் அடியில் இரண்டு மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன். அழகு இல்லை, ஆனால் கணினி ஓட்டத்தை நிறுத்தவில்லை.

மியூஃபோர்ஸை நிறுவுவது எளிது. 1992-இலிருந்து நடந்துவரும் அமிநெட் களஞ்சியத்தில் எம்.எம்.யூ. நூலகத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. நூலகக் கோப்புகளை உரிய இடத்தில் வைத்துவிட்டு, தொடக்கக் கோப்பில் ஒரு வரி. மியூஸ்கேன் என்ற கருவியை ஓட்டினால் எந்தெந்தப் பக்கத்துக்கு என்ன பூட்டு என்று பட்டியல் தரும். நான் செய்த முதல் வேலை லாபிரேக்கரை ஓட்டியது. மடமடவென்று குற்றப் பத்திரிகை கொட்டியது. இவ்வளவு மகிழ்ச்சியாக யாரும் பிழைச் செய்தி படித்திருக்க மாட்டார்கள்.

புகார்கள் தொடர்வாயில் (சீரியல் போர்ட்) வழியாக வெளியே போகும். சாஷிமி என்ற நிரலை ஓட்டினால் அதே திரையில் ஒரு சாளரத்தில் பார்க்கலாம். எனக்குத் தொடர்வாயில்தான் பிடித்தது. 25 முள் கம்பியை ஓர் இணைப்பு மாற்றியின் வழியாக மடிக்கணினியில் சேர்த்து, 9600 வேகத்தில் வைத்துவிட்டேன். அமிகா செத்தாலும் மரண வாக்குமூலம் இன்னொரு கணினியில் பத்திரமாக இருக்கும்.

மொய் நிரலை ஏற்றி, அந்த 1996 பட்டியலைத் திறந்தேன். பட்டியல் ஒரு சுற்று ஓடுவதற்குள் மடிக்கணினித் திரை நிரம்பி வழிந்தது. 0-ஆம் முகவரியிலிருந்து ஒரு பைட் படிப்பு, 0-ஆம் முகவரியிலிருந்து ஒரு பைட் படிப்பு, மறுபடியும், மறுபடியும். நிரலின் எந்தத் துண்டு, அதில் எத்தனையாவது பைட் என்பதும் புகாரிலேயே இருந்தது; அதற்கு செக்டிராக்கர் என்ற துணை நிரலும் ஓட வேண்டும். அந்த எண்ணை, நிரலைக் கட்டும்போது கிடைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டேன். ஊர்ப் பெயரைத் திரையில் வரையும் இடம்.

முழுக் கதையும் அப்போது விளங்கியது. ஊர் காலியாக இருந்தால் நினைவகத்தை வீணாக்க வேண்டாமே என்று, அந்த ஆளுடைய ஊர்ச் சுட்டியில், அதாவது ஊர்ப் பெயர் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் விலாசத்தில், 0 வைத்திருக்கிறேன். அரை மெகாபைட் காலத்துச் சிக்கனம். அன்று அதற்காக என்னையே மெச்சியிருப்பேன். வரையும்போது 0-ஆம் முகவரியில் என்ன இருக்கிறதோ அதை ஊராக எடுத்து வரைகிறது. வழக்கமாக அங்கே 0 இருப்பதால் காலியான பெயர். எல்லாம் நலம். ஆனால் திருத்தும்போது, புதிதாக இடம் வாங்காமல், அந்தச் சுட்டி காட்டும் இடத்திலேயே எழுதுகிறேன். அதாவது 0-இல்.

இப்போது பைட் கணக்கு. தேனி: கொம்பு, த, னி. மூன்று பைட், முடிவைக் குறிக்கும் 0 ஒன்று. மொத்தம் நான்கு. 0, 1, 2, 3 ஆகிய முகவரிகளில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. 4-ஐத் தொடவில்லை. கணினிக்கு ஒரு சேதமும் இல்லை; ஆனால் 0-ஐச் சுட்டிய அத்தனை மதுரைக்காரர்களுக்கும் ஊர் தேனி.

மேலூர் என்று யாராவது திருத்தியிருந்தால்? கொம்பு, ம, லூ, ர். நான்கு பைட், ஐந்தாவதாக முடிவின் 0. அது 4-ஆம் முகவரியில் விழும். ஆனால் எக்ஸெக் விலாசத்தின் முதல் பைட் 500-இல் எப்படியும் 0-தான். 0-இன் மேல் 0. மேலூர்க்காரரும் தப்பித்திருப்பார், கம்பத்துக்காரரும் தப்பித்திருப்பார். உசிலம்பட்டி: உ, சி, ல, ம், ப, ட், டி. ஏழும் ஒன்றும் எட்டு. 'பட்டி' மூன்று பைட்டும் எக்ஸெக்கின் விலாசத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டன. பெட்டிக்கடைக்காரர் அதற்குப் பிறகு எல்லோரையும் எங்கோ கிணற்றுக்கு வழிகாட்டினார். திருமங்கலமும் வாடிப்பட்டியும் இதே எட்டு. சோழவந்தான் பத்து பைட். 8-ஆம் முகவரியிலும் கை வைக்கும். சில கல்யாணங்களில் சிவப்புப் பெட்டி கூட வராமல் கணினி அப்படியே உறைந்துபோன மர்மத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விபத்து நடந்தால் கூப்பிட வேண்டியவரின் விலாசத்தையே ஊர்ப் பெயர் அழித்திருக்கிறது.

இன்னொன்று. எக்ஸெக் மீள முடியாமல் விழும்போது, மறுபடி எழுந்ததும் குருவைக் காட்ட வேண்டும் என்பதற்கு அடையாளமாக, 0-ஆம் முகவரியில் 'ஹெல்ப்' என்று நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதிவிட்டுத்தான் விழும். உதவி என்று பொருள். என் மதுரைக்காரர்கள் குடியிருந்த அதே நான்கு பைட்.

மியூஃபோர்ஸ் ஓடும்போது உசிலம்பட்டி என்று திருத்திப் பார்த்தேன். எழுத்துக்கு ஒன்றாக எட்டுப் புகார்கள், 0 முதல் 7 வரை. கணினி அசையவில்லை. யாரும் தேனிக்காரராகவும் மாறவில்லை. இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது: எல்லாம் சரியாக நடப்பது போலத் தோன்றும். புகார்களைப் படிக்காதவனுக்கு இந்தக் காவல், கிழிசலை மறைக்கும் துண்டு மாதிரி ஆகிவிடும்.

முழுப் பாதுகாப்பு என்று நினைத்து யாரும் வாங்கிவிட வேண்டாம். ஒரு நிரல் இன்னொரு நிரலின் நினைவகத்தில் கைவைத்தால் மியூஃபோர்ஸ் தனியாக எதையும் செய்யாது. அமிகாவில் நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதே சுட்டியைக் கைமாற்றித்தான், செய்தியைப் படியெடுப்பதில்லை. அந்தச் சிறிய கணினி அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததற்கும் அதுதான் காரணம், பின்னாளில் சுவர் எழுப்ப முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம். கூட்டுக் குடும்பத்தில் அறைக்கு அறை பூட்டுப் போட்டால் அடுப்படிக்கு யார் போவது? யாரும் கேட்டு வாங்காத நினைவகத்தைத் தொட்டாலும் பிடிக்க வேண்டுமென்றால் மியூகார்டியன்ஏஞ்சல் என்ற துணை நிரலைக் கூட ஓட்டலாம். அது ஓடினால் 030 கூட மாட்டு வண்டி ஆகிவிடுகிறது. பிழை தேடும் நாளில் மட்டும் போதும். பழைய மங்வால் இன்னொரு தந்திரம் செய்யும். புதிதாக வாங்கிய இடத்தில் 'செத்த சோறு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பதினாறின்மான எண்ணாக நிரப்பி வைக்கும். உங்கள் நிரலில் திடீரென்று அந்த எண் தலைகாட்டினால், துடைக்காத இலையில் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

விளையாட்டுக்காக மட்டும் அமிகா வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம். பழைய விளையாட்டுகள் இயங்குதளத்தை ஓரம் கட்டிவிட்டு அடிப்பக்கத்தில் நேராகக் கைவைப்பவை. காவல்காரனைப் பார்த்தால் அவற்றுக்கும் ஆகாது, அவனுக்கும் ஆகாது. சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கும், பழைய வட்டில் தன் கையெழுத்தைத் தேடுகிறவர்களுக்கும் முப்பத்திரண்டாயிரம் தகும் என்பேன். முதல் இருபத்தோராயிரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை வீட்டிலும் சேர்த்துச் சொல்லவில்லை. மென்பொருளுக்கு என் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது. ஒன்றைக் குறைத்தது கையேட்டுக்காக: விஷயம் தெரிந்தவருக்கு விஷயம் தெரிந்தவர் எழுதியது போல இருக்கிறது.

நிரலில் மாற்றியது மூன்றே வரி. வரையும்போது சுட்டி 0 என்றால் ஊரைத் தாண்டிப் போ. திருத்தும்போது சுட்டி 0 என்றால் முதலில் இடம் வாங்கு. கிடைக்கவில்லை என்றால் சொல்லிவிட்டு நில். ஓட்டிப் பார்த்தேன். தேனிக்காரர் மட்டும் தேனி. இரும்புக் கடைக்காரர் மதுரைக்காரராகவே மேலேறிப் போனார். மடிக்கணினியில் ஒரு வரி கூட வரவில்லை. லாபிரேக்கரையும் ஒருமுறை ஓட்டிக் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று உறுதி செய்துகொண்டேன்.

தம்பிக்குப் பேசினேன். இப்போது அவன் உசிலம்பட்டிப் பக்கம் மடிக்கணினியும் சின்ன அச்சுப்பொறியும் வைத்து விசேஷங்களில் மொய் எழுதி ரசீது கொடுக்கும் தொழில் செய்கிறான். இரண்டு பேரை வேலைக்கும் வைத்திருக்கிறான். பைட் கணக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். "நான் ஒரு தடவைதான் அடித்தேன் என்று அன்றைக்கே சொன்னேனே அண்ணே" என்றான்.

செல்பேசியில் அவனுக்கு ஐம்பது ரூபாய் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஐம்பத்தொன்றாகத் திரும்பி வந்தது. குறிப்பில், ஊர்: தேனி.